ஓரம் கிழித்த சீட்டு

கணக்கு டீச்சருக்கு வாரத்தில் ஆறு நாள் பசிக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் பசிக்காது. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறந்து பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவாள். காரணம், கடைசிப் பாடவேளை. ஏழாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரு பழைய பிஸ்கட் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். பிள்ளைகள் அண்ணன் அக்கா புத்தகத்திலிருந்தும் பழைய வினாத்தாளிலிருந்தும் எழுதிப் போட்ட கணக்கு அதில் இருக்கும். அதுவரை அவள் கண்ணில் படாத கணக்கு. அதைக் கரும்பலகையில் எழுதி, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவள் போட்டுக் காட்ட வேண்டும்.

இந்த விதியை அவளுக்கு வேறு யாரும் போடவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அந்த வகை.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. அதில் பதினோரு வருடம் ஒரு துணிக்கடையில் அளந்து வெட்டிக் கழிந்தது. பதினோரு வயதில் கரும்பலகை முன்னால் ஒரு பின்னக் கணக்கில் சிக்கி நின்றவளை அன்றைய வாத்தியார் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவள் கையிலிருந்த சாக்பீஸை மெதுவாக வாங்கிக்கொண்டு, "பரவாயில்லம்மா, எல்லாருக்கும் எல்லாம் வராது. நீ நல்லா பாடுவல்ல, போய் உக்காரு" என்றார். அவளுக்குப் பாடவும் வராது. ஆனாலும் போய் உட்கார்ந்தாள். எழுந்திருக்க இருபது வருடம் ஆயிற்று. ஒரு முரட்டு வாத்தியாராக இருந்திருந்தால் எதிர்த்தாவது படித்திருப்பேன் என்று பின்னாளில் கணவனிடம் சொல்வாள். அந்த நல்ல மனிதரின் குரலை என்ன செய்ய முடியும்?

தனக்குக் கணக்கு வரும் என்று துணிக்கடையில்தான் தெரிந்தது. ஆறே கால் மீட்டரில் மூன்று சட்டைக்கும் ஒரு பாவாடைக்கும் எப்படி வெட்டினால் மிச்சம் குறையும் என்று அவள் கை கத்தரியோடு யோசிக்கும். பக்கத்தில் முதலாளி கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார். மாலை வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். முப்பத்தெட்டு வயதில் இந்தப் பள்ளியில் மூன்று வருடத் தற்காலிக வேலை கிடைத்தது. மூன்றாம் வருடக் கடைசியில் ஆய்வாளர் ஒருவர் வந்து பின்பெஞ்சில் ஒரு பாடவேளை உட்கார்ந்திருப்பார். அவர் எழுதும் குறிப்பு நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. போன வருடம் ஓவிய வாத்தியார் அப்படித்தான் போனார். அவருடைய டீ கப் இன்னும் ஆசிரியர் அறை அலமாரியில் இருந்தது. அதை எடுத்து எறிய யாருக்கும் கை வரவில்லை. டீச்சருக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பயம்.

பெட்டி வந்தது வெள்ளைத்தாளால். முதல் வருடம் இதே பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தார்கள், பிறகு அவர்களோடு அவளும் வகுப்பு ஏறினாள். அந்த வருடப் பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு முப்பத்தாறில் பதினான்கு பேர் ஒரு கோடுகூடப் போடாமல் தாளை அப்படியே விட்டிருந்தார்கள். தப்பாகப் போட்டிருந்தால் அவளுக்குப் பெரிதாகத் தோன்றியிருக்காது. தப்பு வந்துவிடுமோ என்று வெறும் தாளைக் கொடுத்தவர்களை அவளுக்குத் தெரியும். அவளே அப்படி ஒருத்தி. தப்புப் போட்ட மனுஷி உயிரோடு நடமாடுவதை இந்தப் பிள்ளைகள் ஒரு முறையாவது பார்க்கட்டும் என்று தோன்றியது. வீட்டில் ஊசி நூல் கிடந்த பிஸ்கட் பெட்டியைக் காலி செய்து எடுத்து வந்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நிமிடம் பலகை முன்னால் மரம்போல் நின்றாள். கழுத்தில் வியர்வை ஓடியது. பிள்ளைகள் சிரிக்கவில்லை, அவளுக்காகப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர், ரெண்டாவது வரியில கழிச்சதுக்குப் பதிலா கூட்டிட்டீங்க" என்றாள். எதையும் நிறுத்துப் பார்த்தே பேசுவதால் அவளுக்குத் தராசு என்று பெயர். அன்றிலிருந்து ஒரு நோட்டு அவள் கைக்குப் போனது. டீச்சர் எந்த இடத்தில் தடுக்கினார், எப்படி எழுந்தார் என்று வாரா வாரம் அதில் எழுதுவாள். ஈவு இரக்கமே இருக்காது. "டீச்சர் மூன்று நிமிடம் அழித்துக்கொண்டே இருந்தார். யோசிக்கவில்லை, அழித்தார்" என்று ஒரு வாரம் எழுதியிருந்தாள்.

இரண்டு வருடத்தில் வெள்ளைத்தாள் பதினான்கிலிருந்து மூன்றுக்கு வந்தது. ஒருவன் மட்டும் பெட்டிக்குப் பிடிகொடுக்கவில்லை. அவன் மின்னல். கேள்வி முடியுமுன் விடை சொல்பவன். பரீட்சையில் அவன் தாள் எப்போதும் நிறைந்திருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மட்டும் தவறாமல் அவனுக்கு வயிற்றுவலி வரும்.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியர் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு நல்ல சேதி டீச்சர். ஆய்வாளர் மேடம் வர்ற வெள்ளிக்கிழமை வர்றாங்க. உங்க பெட்டியப் பார்க்கணுமாம்."

"பெட்டி பத்தி அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"நான்தான் அறிக்கையில எழுதினேன். முழுசா ரெண்டு பக்கம்."

"நான் சதவீதம் எடுக்கறேனே சார். சதவீதம் எனக்கு நல்லா வரும்."

"சதவீதம் எல்லா ஸ்கூல்லயும் இருக்கு. பெட்டி நம்மகிட்டதான் இருக்கு. என்ன பெரிய விஷயம்? ஒரு தப்புப் போடுங்க, பசங்க கண்டுபிடிக்கட்டும், சரி பண்ணுங்க. முப்பத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுங்க."

"தப்பு கேட்டா வராது சார்."

"எனக்கெல்லாம் கேக்காமலே வருது" என்று சிரித்தார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் எதைப் பார்த்தாலும் அந்தப் பலகைதான். துணி காயப்போட்ட கயிறு பின்னக்கோடாகத் தெரிந்தது. பலகை முன்னால் முப்பத்தைந்து நிமிடமும் வாயடைத்து நிற்பதுபோலவும், பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், பரவாயில்லம்மா போய் உக்காரு என்று சொல்வதுபோலவும் தோன்றிக்கொண்டே இருந்தது. துணிக்கடை முதலாளி இன்னும் கடை வைத்திருக்கிறாரா என்று விசாரிக்கக்கூட நினைத்தாள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும், சுற்றுமுற்றும் பார்த்து, பெட்டியைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள்.

சமையலறை மேசையில் சீட்டுகளைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பார்த்தவுடன் வழி தெரிந்தவை இடப்பக்கம், தெரியாதவை வலப்பக்கம். முடித்து நிமிர்ந்தபோது இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் இருபத்தாறு. இத்தனை நாளும் இந்த இருபத்தாறுக்குள்ளா கையை விட்டுக்கொண்டிருந்தோம் என்று விரல் சில்லிட்டது. ஒன்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்: ஒருவர் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குப் போய், அறுபது வேகத்தில் திரும்புகிறார். சராசரி வேகம் என்ன? யாரும் சட்டென்று ஐம்பது என்பார்கள். ஐம்பது இல்லை, நாற்பத்தெட்டு. போகும்போது அதிக நேரம் ஆகிறதே. தப்பு விழுவதற்கென்றே செய்த கணக்கு. அந்தச் சீட்டின் ஓரத்தைக் கையில் தடவினால் தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் கிழித்தாள்.

பஸ் டிப்போ மெக்கானிக்கான அவள் கணவன் கைகழுவிவிட்டு வந்து நின்று பார்த்தான்.

"என்ன, சீட்டாட்டமா?"

"கொஞ்சம் உக்காருங்க. நீங்கதான் ஆய்வாளர்."

"சம்பளம் கூடக் கிடைக்குமா?"

குளிர்பதனப் பெட்டியின் கதவைப் பலகையாக்கி அவள் நடித்துக் காட்டினாள். ஐம்பது என்றாள். நெற்றியைச் சுருக்கினாள். ஒரு பெருமூச்சு விட்டு, "இருங்க, நேரம் சமமில்லையே" என்று திரும்பினாள். நாற்பத்தெட்டில் முடித்தாள். பதினொரு நிமிடம்.

கணவன் தாடையைச் சொறிந்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பு ரொம்பச் சுத்தமா இருக்கு."

"அப்படின்னா?"

"பிரேக் நிஜமாப் போனா எங்கெங்கயோ சத்தம் வரும். நீ பண்றது சாவிய எடுத்து வண்டிய நிறுத்தற மாதிரி இருக்கு."

"உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க" என்று சீட்டுகளை அள்ளினாள். ஆனால் அந்தச் சொல் இறங்கிவிட்டது. இன்னும் நான்கு முறை நடித்துப் பார்த்தாள். பெருமூச்சை நீட்டினாள்.

ஆய்வாளர், கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு பெண்மணி. கடுமையான முகமில்லை, அதுவே டீச்சருக்குப் பயமாக இருந்தது. கடைசி பெஞ்சில் பிள்ளைகளை நகரச் சொல்லி நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் தராசு நோட்டோடு. ஆய்வாளர் வருகிற நாளில் யாரையும் வெளியே விடக்கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டதால் இன்னொரு பக்கம், வயிற்றுவலிக்கு அனுமதி கிடைக்காத மின்னல்.

டீச்சர் பெட்டிக்குள் கையை விட்டாள். கிழிந்த ஓரம் உடனே தட்டுப்பட்டது. தேடுவதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்தாள். படித்தாள். எழுதினாள். நாற்பதும் அறுபதும் நூறு, பாதி ஐம்பது என்று எழுதி நின்றாள். நெற்றியைச் சுருக்கினாள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நெஞ்சு மட்டும் வாயைத் திறக்க முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் வகுப்பு சந்தைக்கடையாகும். அன்று மூச்சுச் சத்தம்கூட இல்லை. முப்பத்தாறு பிள்ளைகளும் தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்களைப்போல் அவளைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவளே பெருமூச்சு விட்டு, அவளே நேரத்தைக் கண்டுபிடித்து, நாற்பத்தெட்டுக்கு வந்தாள்.

ஆய்வாளர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். "நீதானேம்மா தப்ப எழுதறவ? ஒண்ணும் எழுதலையே."

"எழுத ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் தராசு.

"ஐம்பதுன்னு போட்டாங்களே."

தராசு டீச்சரைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். அவள் காது சிவந்தது. "அது டீச்சர் தப்பு இல்ல மேடம்."

"பின்ன யாரோடது?"

"தெரியல. டீச்சருக்குத் தப்பு வந்தா கை நின்னுடும். எழுத்து சின்னதாயிடும். ஒரே இடத்தத் திரும்பத் திரும்ப அழிப்பாங்க. இன்னைக்கு கை நிக்கவே இல்ல."

சொல்லிவிட்டு, காட்டிக்கொடுத்துவிட்டோமே என்பதுபோல் குனிந்துகொண்டாள். தப்பு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள். வெள்ளிக்கிழமை தவறாமல் பழகிய கண்கள் அவை. அந்தக் கண்கள் முன்னால் போலிச் சரக்கை விரித்திருக்கிறாள். இந்தப் பிள்ளைக்கு ஏதோ குழப்பம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பிக்கும். ஒரு பிள்ளையின் வாயை அடைத்தால் போதும். தராசு அதன் பிறகு எதையும் நிறுத்துச் சொல்லமாட்டாள், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து எழுந்தாலும் எழுவாள்.

"அவ சொல்றது சரி மேடம்" என்றாள். "நேத்தே வீட்டுல போட்டுப் பார்த்துட்டேன். தப்பையும்தான். அந்தச் சீட்டு தெரியறதுக்கு ஓரத்தைக் கிழிச்சு வெச்சிருந்தேன்."

"ஏன்?"

"நீங்க வர்றீங்கன்னு. பயந்துட்டேன்."

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார். காகிதத்தில் பேனா ஊரும் சத்தம் முன்பெஞ்சு வரை கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மின்னல் எழுந்து நின்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

"டீச்சர். நானும் அப்படித்தான்."

"என்னடா?"

"நாளைக்கு நீங்க எடுக்கப்போற கணக்க முந்தின நாளே எங்க சித்தப்பாகிட்டப் போட்டுப் பார்த்துட்டுதான் வருவேன். தெனமும். பெட்டிக் கணக்கு மட்டும் முன்னாடியே பார்க்க முடியாது." பக்கத்துப் பையன் வாயைப் பிளந்தான். "அதான் வயித்துவலி."

யாரோ களுக்கென்று சிரித்து அடங்கினார்கள். அவன் உட்காராமல் நின்றான்.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றார் ஆய்வாளர், தலை நிமிராமல். "மேல பண்ணுங்க."

அவள் பெட்டிக்குள் கையை விட்டாள். இந்த முறை சுற்றவில்லை. வந்தது வலப்பக்கத்து இருபத்தாறில் ஒன்று: ஒரு கூட்டத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை கைகுலுக்கினார்கள். மொத்தம் முந்நூறு கைகுலுக்கல். எத்தனை பேர்?

"பத்துப் பேர்னா ஒவ்வொருத்தரும் ஒன்பது பேருக்குக் கை குடுக்கணும். பத்து பெருக்கல் ஒன்பது, தொண்ணூறு. பத்தாது." எழுதினாள். "இருபது பேர்னா இருபது பெருக்கல் பத்தொன்பது, முந்நூத்தி எண்பது. அதிகம். பதினெட்டுன்னா முந்நூத்தி ஆறு. இதுவும் அதிகம். பதினேழு, இருநூத்தி எழுபத்திரண்டு. குறைவு."

கை நின்றது. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஆள் ஏது?

"பதினேழே முக்கால் பேர் டீச்சர்" என்றது ஒரு குரல்.

"அந்த முக்கால் ஆளு நீதான்டா" என்றது இன்னொன்று. வகுப்பு அவிழ்ந்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டை அழித்தாள். மறுபடி பதினெட்டே எழுதினாள். அழித்தாள். எழுத்து எறும்பாகச் சிறுத்தது. தராசின் பென்சில் ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடம் போயிற்று. ஏழு போயிற்று. அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. கழுத்து நனைந்தது. கேள்வி தப்பாக இருக்குமோ என்றாள். இல்லை டீச்சர், எங்க அக்கா புக்குல விடை இருக்கு என்று ஒரு பிள்ளை அந்தக் கதவையும் அடைத்தது.

மின்னல் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். திடீரென்று பக்கத்துப் பையனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். விட்டான். மறுபடி குலுக்கினான். "டீச்சர்," என்றான், இதுவரை யாரும் அவனிடம் கேட்டிராத மெதுவான குரலில். "நான் இவனுக்குக் குடுத்தேன். இவனும் எனக்குக் குடுத்தான். இது ஒண்ணா ரெண்டா? எனக்குத் தெரியல."

அவள் பலகையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "திரும்பச் சொல்லு" என்றாள். அவன் சொல்லத் தொடங்கியபோது மணி அடித்தது.

ஆய்வாளர் நோட்டை மூடினார், எழுந்தார், தலையசைத்தார், போனார். விடை இருபத்தைந்து என்று வந்தபோது மணியடித்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது. ஒரே குலுக்கலை இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தோம் என்று பிள்ளைகள் பெஞ்சுக்குப் பெஞ்சு கைகுலுக்கிச் சத்தம் போட்டபோது, ஆய்வாளர் கீழே தலைமையாசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கடிதம் வரப் பதிமூன்று நாள். அந்தப் பதிமூன்று நாளும் அவள் சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் கணவன் எதிரில் உட்கார்ந்து, "போனாப் போகுது, டிப்போவுல ஆயில் ஊத்தற வேலை இருக்கு" என்றான்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. பயம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பிரேக் மாத்தி அனுப்பற ஒவ்வொரு பஸ்ஸும் திரும்பி வர்ற வரைக்கும் கேட்டையே பார்த்துட்டு நிப்பேன். இருபத்திரண்டு வருஷமா." அவன் அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டான். "உங்கிட்ட சொன்னா நீயும் சேர்ந்து பயப்படுவ. ஏற்கெனவே உனக்குக் கைவசம் நிறைய இருக்கு."

பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியர் கடிதத்தை நீட்டினார். இந்த முறை நல்ல சேதி என்று சொல்லவில்லை. முன்கூட்டிப் போட்டுப் பார்த்த கணக்கைப் புதியதுபோல் காட்டியது குறிப்பிடப்படுகிறது. நிரந்தரம் இப்போது பரிந்துரைக்கப்படவில்லை. தற்காலிக நியமனம் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. அடுத்த ஆய்வு முன்னறிவிப்பின்றி நடைபெறும்.

"வீட்டுக்கு அனுப்பல, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார் அவர்.

"எந்த நாள்னு போடலையே சார்."

"அதான் டீச்சர். சொல்லாம வருவாங்க."

அதாவது ஒரு வருடத்து வெள்ளிக்கிழமைகள், அத்தனையும். கடிதத்தை மடித்தாள், மடிப்பு கோணலாக விழுந்தது. கடைசிப் பாடவேளைக்கு மாடிப்படி ஏறினாள்.

பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. தலைமையாசிரியர் அறைக் கதவுக்கும் ஏழாம் வகுப்புக்கும் அவ்வளவுதான் தூரம்.

"எந்த வெள்ளிக்கிழமை வருவாங்கன்னு தெரியாதா டீச்சர்?" என்றான் மின்னல்.

"தெரியாது."

தராசு நோட்டைத் திறந்தாள். "அவங்களுக்கும் எந்தக் கணக்கு வரும்னு தெரியாதே டீச்சர்."

அதில் ஆறுதல் இருக்கிறதா இல்லையா என்று அவளால் முடிவுசெய்ய முடியவில்லை. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். ஐந்து வரி, இரண்டு படம். முழுதும் படித்தாள். ஒன்றும் புரியவில்லை. செருப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி முதல் வரியிலிருந்து, இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.